கழகமும் கிண்ணமும்

கழகம் என்னும் சொல் தமிழிலே ஒன்றுக்கொன்று தொலைவான இரு பொருள்களைத் தாங்கி வந்திருக்கின்றது. திருவள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தில் அதனைச் சூதாடும் இடத்துக்குப் பெயராக வழங்குகின்றார். அவ்விடத்திற் பொழுதைப் போக்குவானுடைய பழஞ்செல்வமும் நற்பண்பும் ஒருங்கே அழியும் என்பது அவர் துணிபு. கம்பரோ அதே சொல்லைக் கலை பயிலும் இடத்துக்கு இட்டு வழங்குகின்றார். பின்னாளில் இரண்டாம் பொருளே நிலைபெற, இன்று பல்கலைக்கழகம் என்றும் விளையாட்டுக் கழகம் என்றும் நாம் தயங்காது சொல்லுகின்றோம். ஆயினும் நம் கடற்கரையூர்களிலே உதைபந்தாட்டத்தின் பொருட்டு அமைந்துள்ள கழகங்களை உற்று நோக்குமிடத்து, அவை இவ்விரு பொருள்களுள் எதனைச் சார்ந்தன என்னும் ஐயம் எழாமற் போகாது. சொல்லாராய்ச்சி செய்வான் ஒருவனுக்குத் தோன்றும் வீண் ஐயம் என்று இதனைத் தள்ளிவிடலாகாது. இக்கரையோரத்துச் சிறுவர்களின் மாலைப்பொழுது அதன் விடையிலே தங்கியிருக்கின்றது.

பெரியநீலாவணை தொடங்கிக் கோமாரி வரையும் கரையை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஒருவர் பயணஞ் செய்வாராயின் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், வினாயகபுரம் என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கக் காண்பார். மருதமுனைத் தறியிலே ஓடும் இருநிற இழைகளைப் போலத் தமிழூரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவே ஒடுங்கிய மணற்றரை. அம்மணலில், அசர்த் தொழுகை முடிந்த பின்னரும், கோவில் மாலைமணி ஒலிப்பதற்கு முன்னரும், எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் ஒரு பந்தின் பின்னே இருபது பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பர். காலணி உண்டா, கோற்கம்பம் உண்டா என்று எவரும் கேட்பதில்லை. இரண்டு தென்னம்மட்டைகளை நாட்டினால் கோல் ஆயிற்று. மணலிலே வெறுங்காலால் ஆடிப் பழகிய பிள்ளைக்குக் கணுக்காலின் உறுதியும் பந்தைத் தன்வயப்படுத்தும் நுட்பமும் இளமையிலேயே வாய்த்துவிடுகின்றன. இயற்கை நமக்குத் தந்த முதல் இது. இந்த முதலை வைத்துக்கொண்டு நாம் என்ன வாணிபம் செய்கின்றோம் என்பதே கேள்வி.

இக்கேள்வியை இப்பொழுது எழுப்புவதற்குக் காரணமும் உண்டு. இலங்கை உதைபந்தாட்டம் அண்மைக் காலத்தில் இரு செய்திகளால் உலகின் கண்ணிற் பட்டது. முதலாவது செய்தி நாணத்தக்கது. நிருவாகத்திலே ஏற்பட்ட குழப்பத்தினாலும் வெளியார் தலையீட்டினாலும் 2023 ஜனவரியிற் பீபா நம் நாட்டின் சம்மேளனத்தை இடைநிறுத்திற்று. அத்தடை ஓகஸ்ட் மாதத்திலேதான் நீங்கியது. இரண்டாவது செய்தி மகிழத்தக்கது. 2024 செப்டெம்பரில், ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டியிலே, நம் அணி கம்போடியாவைப் பெனால்டி உதைகளில் வென்று அடுத்த சுற்றுக்கு ஏறியது. நெடுங்காலம் தோல்வியையே கேட்டுப் பழகிய செவிகளுக்கு இஃது இனிய செய்தி அன்றோ? ஆயின், இக்காலத்து அணியின் வலிமைக்குக் காரணமானோருட் பலர் இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும் அவுஸ்திரேலியாவிலும் வளர்ந்த இலங்கை வழித்தோன்றல்கள். அவர்களை அழைத்ததிற் பிழை காண்பது நம் நோக்கமன்று. அவர்களும் நம் பிள்ளைகளே. ஆயினும் நாம் எண்ணிப்பார்க்கவேண்டியது ஒன்றுண்டு. அவர்களை ஆட்டக்காரராக்கியது எது? இரத்தம் இலங்கையினுடையது, பயிற்சியோ அந்நாடுகளின் சிறுவர் அணிகளினுடையது.

விமல் யோகநாதன் என்னும் இளைஞரின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸ் நாட்டிலே பிறந்த இவர், லிவர்பூல் கழகத்தின் சிறுவர் பயிற்சிக்கூடத்திலே பயின்று, பின்னர் பார்ன்ஸ்லி கழகத்தின் முதலணியில் ஆடினார். இங்கிலாந்தின் தொழின்முறை உதைபந்தாட்டத்தில் ஆடிய முதற்றமிழர் என்று இவரைப் பத்திரிகைகள் போற்றின. போற்றட்டும். தமிழ்ப் பிள்ளையின் காலுக்கு உதைபந்தாட்டம் ஒவ்வாது என்று எவரேனும் சொல்வாராயின் அவருக்கு இஃது ஒன்றே விடையாகும். ஆனால் அதே பிள்ளை திருக்கோவிலிலோ சாய்ந்தமருதிலோ பிறந்திருப்பின் 16 வயதிலே என்ன ஆகியிருப்பார்? இக்கேள்விக்கு விடை சொல்ல வேல்ஸுக்குப் போகவேண்டியதில்லை. நம் வகுப்பறைகளிலேயே விடை அமர்ந்திருக்கின்றது.

நம் ஊர்ப் பிள்ளை ஒருவனின் வழியைப் பின்தொடர்ந்து பார்ப்போம். 8 வயதிலே கடற்கரையில் ஆடத் தொடங்குகின்றான். 12, 13 வயதிலே பாடசாலை அணியில் இடம் கிடைக்கின்றது. உடற்கல்வி ஆசிரியர் ஆர்வமுள்ளவராயின் வலய மட்டம், மாகாண மட்டம் என்று இரண்டொரு போட்டிகள். அவ்வாசிரியருக்கு இடமாற்றம் வந்தால் அதுவும் இல்லை. 15 வயதானதும் சாதாரண தரப் பரீட்சையின் நிழல் விழுகின்றது. மாலை 3 மணி முதல் 6 மணி வரை, அதாவது மைதானத்துக்கென்று இயற்கை ஒதுக்கிய அதே பொழுதில், ரியூசன் வகுப்பு. பரீட்சை முடிந்தபின் சிலர் உயர்தரத்துக்குப் போகின்றனர். பலர் கடலுக்கும் கடைக்கும் வயலுக்கும் போகின்றனர். 20 வயதைத் தாண்டியவுடன் கடவுச்சீட்டு எடுத்துக் கட்டாருக்கும் சவூதிக்கும் குவைத்துக்கும் போகின்றவர்கள் எத்துணையர் என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறியும். இந்த நெடிய வழியிலே கழகம் என்பது எங்கே வருகின்றது? பெரும்பாலும் 18 வயதுக்குப் பிறகுதான் வருகின்றது. அதாவது, பயிலவேண்டிய பருவம் கழிந்து, பயிற்சியில்லாமற் படிந்துவிட்ட பழக்கங்கள் இறுகிய பிறகு, பிள்ளையின் திறமையைக் கழகம் அறுவடை செய்ய வருகின்றது. உழுதவரும் இல்லை, நீர் பாய்ச்சியவரும் இல்லை. அரிவாள் மட்டும் உண்டு.

நம் மாவட்டம் நெல் விளையும் மாவட்டம். விதைநெல்லைக் குற்றித் தின்றவன் அடுத்த போகத்தில் என்ன ஆவான் என்பதை இங்கே எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஆயினும் உதைபந்தாட்டத்திலே அதனையே ஆண்டாண்டாகச் செய்து வருகின்றோம். கழகத்தின் முயற்சியெல்லாம் ஆண்டுக்கு இரண்டொரு கிண்ணப் போட்டிகளைச் சுற்றியே நிற்கின்றது. அமரரான ஒருவரின் நினைவாகவோ கழகத்தின் ஆண்டுநிறைவை முன்னிட்டோ சுற்றுப்போட்டி அறிவிக்கப்படும். பதாகை, பந்தல், ஒலிபெருக்கி, பிரதம அதிதி, பொன்னாடை, ஆளுயரக் கிண்ணம் என்று செலவு ஓடும். பரிசுத்தொகை பெரிதானால் வெளியூரிலிருந்து நல்ல ஆட்டக்காரர் இருவரையோ மூவரையோ அன்றைய ஒரு நாளைக்கு அழைத்து வருவதும் உண்டு. கிண்ணம் கிடைத்தால் ஊர்வலம். கிடைக்காவிட்டால் மத்தியஸ்தர்மேற் பழி. மறுநாட்காலை அந்த வெளியூர் ஆட்டக்காரர் பஸ் ஏறிவிடுவார். கழகத்துக்கு எஞ்சுவது அலுமாரியில் ஒரு வெள்ளித் தகடு. வள்ளுவர் சொன்ன கழகத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிதன்று.

இங்கே போட்டி முறையைப் பற்றிச் சிறிது கணக்குப் பார்க்கவேண்டும். தமிழ்ப் பண்டிதனுக்குக் கணக்கு எதற்கு என்று மாணவர் நகைக்கலாம்; நகைத்தபின் கூட்டிப் பார்க்கட்டும். நம் பக்கத்தில் வழங்குவது பெரும்பாலும் விலகல் முறை: தோற்ற அணி அப்பொழுதே வெளியேறும். 32 அணிகள் சேர்ந்த சுற்றுப்போட்டியில் மொத்தம் 31 ஆட்டங்கள். அவற்றில் முதற்சுற்றோடு 16 அணிகள், அதாவது சரிபாதி, ஒரே ஓர் ஆட்டத்துடன் வீடு திரும்பும். மேலும் 8 அணிகள் இரண்டே ஆட்டங்களுடன் திரும்பும். சராசரி பார்த்தால் ஓரணிக்கு இரண்டு ஆட்டங்கூட இல்லை. இதற்கு மாறாக, அயலூர்க் கழகங்கள் எட்டு ஒன்றுசேர்ந்து லீக் முறையில், ஒவ்வொன்றும் மற்றதன் மைதானத்தில் ஒருமுறையும் தன் மைதானத்தில் ஒருமுறையுமாக ஆடுமானால், மொத்த ஆட்டங்கள் 56. ஒவ்வோர் அணிக்கும் 14. தோற்றவனுக்கும் 14, வென்றவனுக்கும் 14. பயிற்சி மிகவும் வேண்டியவன் தோற்றவன் அன்றோ? விலகல் முறை அவனைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புகின்றது. ஒரே ஆட்டத்திலே எல்லாம் முடிந்துவிடும் என்னும் அச்சமே வெளியூர் ஆட்டக்காரரை அழைக்கச் செய்கின்றது. புதிய சிறுவனைக் களத்திலிறக்க அஞ்சச் செய்கின்றது. மத்தியஸ்தருடன் சண்டைக்கும் வித்திடுகின்றது. நோய் பலவாகத் தோன்றினாலும் வேர் ஒன்றே.

நாட்டின் உயர்மட்டத்தையும் ஒருகணம் பார்த்துவிடலாம். 2021ஆம் ஆண்டிற் சுப்பர் லீக் என்னும் பெயரால் உயர்தரப் போட்டி தொடங்கியபோது அதில் இடம்பெற்ற கழகங்கள் பத்து. அவற்றுள் மூன்று முப்படையினருடையவை. கொழும்பு, களுத்துறை, பேருவளை, வென்னப்புவை, நாவலப்பிட்டி என்று எஞ்சியவை சிதறி நின்றன. கிழக்கிலிருந்து ஒன்றேனும் இல்லை. இதனை அநீதி என்று கூவுவார் உளர். மூன்று பதிற்றாண்டுப் போரும் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையும் இக்கரையைச் சிதைத்தமை உண்மையே. இலங்கையிலே அவ்வலையால் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். ஆடிய பிள்ளைகளையும் ஆடிய மணலையும் ஒருங்கே கடல் கொண்டது. இழப்பை மறுப்பவர் எவருமில்லை. ஆனால் அன்று பிறந்த குழந்தைகள் இன்று இருபது வயதைக் கடந்துவிட்டனர். அவர்களுக்கு 8 வயதானபோது நம் கழகங்களிற் சிறுவர் அணி இருந்ததா என்று கேட்டால், கொழும்பைக் குறைகூறிப் பயனில்லை என்பது விளங்கும்.

இனி, நம்மைப் போன்ற நிலையிலிருந்து எழுந்தவர் எவர் என்று காண்போம். தமிழகத்தின் தென்கோடியிலே, கேரள எல்லைக்கு அருகே, கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரம் இருக்கின்றது. நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரை கடலோரமாக எட்டு மீனவக் கிராமங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆழ்கடலுக்குச் சென்று சுறா பிடிப்பதிற் பெயர்பெற்ற மக்கள். (இவர்கள் முக்குவர் குலத்தினர். மட்டக்களப்புத் தேசத்தின் பழைய வரலாற்றிலும் முக்குவர் என்னும் பெயர் பெரிதாகப் பேசப்படுவது வாசகர் அறிந்ததே. இவ்விருவருக்கும் உள்ள உறவு வேறோர் ஆராய்ச்சிக்கு உரியது.) 2017 நவம்பர் 30ஆம் நாள் வீசிய ஒக்கிப் புயல் இக்கிராமங்களின் மீனவரைக் கடலிலேயே வாரிக்கொண்டது. கடல் கொடுப்பதையும் எடுப்பதையும் நம்மைப் போலவே அறிந்தவர்கள். நிலமும் ஒடுக்கம், செல்வமும் ஒடுக்கம். ஆயினும் இச்சிறு பரப்பிலிருந்து எழுந்த உதைபந்தாட்டக்காரர் தமிழ்நாட்டு அணியிலும் தொழின்முறைக் கழகங்களிலும் தொடர்ந்து இடம்பெற்று வருகின்றனர். மைக்கேல் சூசைராஜ் அவர்களுள் ஒருவர். இவர் சென்னை சிட்டி கழகத்திலே விளங்கி, ஜம்ஷெட்பூருக்குச் சென்று, 2019ஆம் ஆண்டில் இந்திய தேசிய அணியிலும் ஆடினார். இவர் தமையன் மைக்கேல் ரெஜினும் தொழின்முறை ஆட்டக்காரரே.

ஒரு சிறு கரையிலிருந்து தொடர்ந்து ஆட்டக்காரர் எழுவது எங்ஙனம்? தனியொருவன் பெருந்திறமையாளனாகப் பிறப்பது தற்செயல். ஓர் ஊர் இருபதாண்டாக ஆட்டக்காரரைத் தருவது தற்செயலன்று. ஒரு தலைமுறையினர் மைதானத்தை விட்டு நீங்கும்போது அடுத்த தலைமுறை அதே மைதானத்தின் ஓரத்திலே காத்து நிற்கவேண்டும். தம்பி ஆடுவதைத் தமையன் திருத்தவேண்டும். திருக்கோவிலின் பழைய ஆட்டக்காரர் ஒருவர் மாலையில் அரைமணி நேரம் கரையோரத்திற் சிறுவருக்குப் பந்து நிறுத்தக் கற்பிப்பாராயின் அதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை.

வடசென்னையிலுள்ள வியாசர்பாடி இன்னொரு பாடம். தொழிலாளர் குடியிருப்புகள் நெருங்கிய பகுதி அது. குற்றச் செய்திகளிலேயே அதன் பெயர் நெடுங்காலம் அடிபட்டது. அங்கே சிறுவரின் விளையாட்டையும் கல்வியையும் ஒருங்கே வளர்ப்பதற்கென ஓர் அமைப்பு இருபது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்து வருகின்றது. முல்லை நகர் மைதானத்திலே பந்து, அதனோடு பாடம். பள்ளியை விட்டு நின்ற பிள்ளையைப் பந்தைக் காட்டிப் பள்ளிக்குத் திருப்புகின்றார்கள். அதே வடசென்னை மண்ணிலிருந்து எழுந்த நந்தகுமார் சேகர் 2023 ஓகஸ்டில், டுரண்ட் கிண்ணப் போட்டியிலே, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக மோகன் பகானுக்கு எதிரே ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தார். இந்தியத் தேசிய அணியிலும் இடம்பெற்றார். நாம் கவனிக்கவேண்டியது அந்தக் கோலையன்று. விளையாட்டும் படிப்பும் பகைவர் என்னும் எண்ணம் அங்கே உடைக்கப்பட்டதே, அதனைத்தான். நம் பெற்றோர் பந்தைப் பறிப்பதற்குச் சொல்லும் காரணம் பரீட்சை. மைதானத்தின் ஓரத்திலேயே ஒரு மணிநேரப் பாடம் நடக்குமாயின் அக்காரணம் என்னாகும்? எங்கள் ஆசிரியத் தொழிலைச் சேர்ந்தோர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். கழகத்தின் போஷகர் பட்டியலிற் பெயரை இடுவதோடு ஆசிரியரின் கடன் முடிவதில்லை.

வெளியுலகத்தில் ஓர் எடுத்துக்காட்டு மட்டும் போதும். ஐஸ்லாந்து என்னும் தீவின் மக்கட்டொகை 2016ஆம் ஆண்டில் மூன்றரை இலட்சத்துக்கும் குறைவு. நம் அம்பாறை மாவட்டத்தில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றோம். பனிக்காலத்திலே குளிரும் இருளும் மிக்க அத்தீவு, அந்த ஆண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டியிலே இங்கிலாந்தை 2–1 என வென்று காலிறுதிக்குச் சென்றது. 2018இல் உலகக் கிண்ணத்துக்கும் தகுதிபெற்று ஆர்ஜென்ரீனாவோடு 1–1 எனச் சமநிலை கண்டது. அத்தீவினர் 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பனிக்காலத்திலும் ஆடுவதற்கு மூடிய அரங்குகள் கட்டத் தொடங்கினர். அதனினும் முதன்மையான செயல் வேறு: சிறுவருக்குக் கற்பிக்கும் பயிற்றுநரையும் முறையாகப் பயின்று சான்றிதழ் பெற்றவராக்கினர். அணியின் பயிற்றுநர்களுள் ஒருவரான ஹெய்மிர் ஹல்கிரிம்சன் தொழிலாற் பல்வைத்தியர் என்பது நம்மவர்க்கு வியப்பளிக்கும். பகலிற் பல் பிடுங்கியவர் மாலையில் அணியை வளர்த்தார். நமக்கோ பனியும் இல்லை, இருளும் இல்லை. ஆண்டு முழுதும் வெயில். இல்லாதது மூடிய அரங்கன்று.

இதற்கு மாறான சான்று ஒன்றும் இருக்கின்றது. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஐஸ்லாந்தினும் சிறிய கரிபியத் தீவாகிய குராசோ 2026ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. அவ்வணியினருட் பெரும்பாலோர் நெதர்லாந்திலே பிறந்து அங்குள்ள கழகங்களிற் பயின்றோர். ஆகவே புலம்பெயர்ந்தோரைக் கொண்டே ஒரு நாடு மேடையேறலாம் என்பது மெய்தான். ஆனால் நாட்டுக்குப் பொருந்துவது ஊருக்குப் பொருந்தாது. தேசிய அணிக்கு வேண்டியவர் இருபத்து மூவர்; அவர்களை உலகெங்கும் தேடி அழைக்கலாம். வினாயகபுரத்துக் கழகத்துக்கு லண்டனிலிருந்து எவரும் வந்து ஆடப்போவதில்லை. ஊருக்கு வேண்டியது 8 வயது முதல் 18 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் மாலையில் ஒரு முறையான இடம். அவர்களிலே நூற்றுக்கு ஒருவன் நாட்டுக்கு ஆடலாம். மற்றைத் தொண்ணூற்றொன்பது பேரும் ஊருக்கு ஆடுவர், பின்னர் மத்தியஸ்தராவர், பயிற்றுநராவர், பார்வையாளராவர். போதைப்பொருள் நம் ஊர்ச்சந்துகளிலும் நுழைந்துவிட்ட இக்காலத்தில் அந்தத் தொண்ணூற்றொன்பது பேரைப் பற்றியே நான் மிகவும் கவலைப்படுகின்றேன்.

சிறுவரைப் பயிற்றும் முறையிலும் நாம் மாற்றிக்கொள்ளவேண்டியவை உள. பெரியோரின் மைதானத்தில், பெரியோரின் பந்தோடு, பதினொருவர் எதிர் பதினொருவராகச் சிறுவரை ஆடவிடுகின்றோம். ஒரு மணிநேர ஆட்டத்தை 22 பேருக்குப் பகுத்தால் ஒருவன் காலிற் பந்து இருக்கக்கூடிய நேரம் மூன்று நிமிடத்திலும் குறைவு. நால்வர் எதிர் நால்வராக ஆடவிட்டால் அதே ஒரு மணிநேரத்தில் ஒவ்வொருவனுக்கும் ஏழரை நிமிடம். பந்திலும் அளவு உண்டு: எட்டு வயதுக்குக் கீழே 3ஆம் இலக்கப் பந்து, அதற்குமேற் பன்னிரண்டு வயதுவரை 4ஆம் இலக்கம், அதன் பின்னரே 5ஆம் இலக்கம். ஐந்தாம் வகுப்பு மாணவன் கையிலே தொல்காப்பியச் சேனாவரையத்தைக் கொடுப்பவர் உண்டா? பந்தில் மட்டும் ஏன் அவ்வாறு செய்கின்றோம்?

இன்னொன்று, ஆசிரியர் விளங்கிக்கொள்ளவேண்டியது. வயதுப்பிரிவு ஜனவரி முதலாந் திகதியோடு கணிக்கப்படுவதால், ஜனவரியிற் பிறந்தவனும் டிசம்பரிற் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுகின்றனர். பத்து வயதிலே பதினொரு மாத வேறுபாடு என்பது உயரத்திலும் பலத்திலும் பெரிது. தெரிவாளர் கண்ணுக்குப் பெரியவன் திறமைசாலியாகத் தோன்றுகின்றான். சிறியவன் ஒதுக்கப்பட்டு ஆட்டத்தையே கைவிடுகின்றான். உலகெங்கும் இளையோர் அணிகளில் ஆண்டின் முதன்மாதங்களிற் பிறந்தோரே மிகுந்திருப்பதை ஆராய்ந்தோர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆகவே பன்னிரண்டு வயதுக்கு முன்னர் எவனையும் "இவன் தேறான்" என்று தள்ளலாகாது. குட்டையனாக நின்ற பிள்ளை மூன்றாண்டிலே பனைபோல் வளர்வதை நாம் வகுப்பில் நாடோறும் காண்கின்றோமே.

பதிவேடு பற்றியும் ஒரு சொல். கழகத்துக்குக் கிண்ணங்களின் பட்டியல் இருக்கும். சிறுவரின் பெயர்ப்பட்டியல் இராது. பீபாவின் விதியொன்று இங்கே நினைக்கத்தக்கது. தொழின்முறை ஆட்டக்காரர் ஒருவர் ஒரு நாட்டுக் கழகத்திலிருந்து வேறு நாட்டுக் கழகத்துக்குப் பணத்துக்கு மாறும்போது, அப்பணத்தில் நூற்றுக்கு 5 பங்கு, அவரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றிய கழகங்களுக்கெல்லாம் பகிரப்படவேண்டும். 12 முதல் 15 வரை ஆண்டுக்குக் காற்பங்கு வீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு அரைப்பங்கு வீதம். சிற்றூர்க் கழகமும் இதற்கு உரித்துடையது. ஆனால் பிள்ளை முறையாகப் பதிவு செய்யப்பட்டிருக்கவேண்டும். நம் கரையிலிருந்து அத்தகைய ஆட்டக்காரன் நாளையே புறப்படுவான் என்று நான் மயங்கவில்லை. புறப்படும் நாளிலே, அவனைப் பயிற்றியவர் நாம் என்று காட்ட ஒரு தாளேனும் வேண்டாமா?

இனி நம் கரைக்கு ஏற்ற ஒழுங்கு எது என்று கேட்பாருக்கு, என் கருத்து இது. பெரியநீலாவணைக்கும் கோமாரிக்கும் இடையே உள்ள கழகங்களுள் எட்டு முன்வந்து, 12 வயதுக்கும் 14 வயதுக்கும் உட்பட்டோருக்கு மட்டும் ஒரு லீக்கை நடத்தட்டும். நான்கு தமிழூர், நான்கு முஸ்லிம் ஊர் என்று அமைந்தால் மிக நன்று. ஊருக்குள்ளேயே ஆடும் பிள்ளை அயலூர்ப் பிள்ளையைப் பெயர் சொல்லி அறியான்; பாடசாலைகளும் பெரும்பாலும் தனித்தனியே. கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்திலும் மருதமுனை மசூர் மௌலானா மைதானத்திலும் திருக்கோவிற் பிள்ளை வந்து ஆடி, அவ்வூர்த் தாய்மார் கொடுக்கும் தேநீரைக் குடித்துச் செல்லட்டும். மேடைகளில் நல்லிணக்கம் பேசுவோர் பலர். பதினான்கு சனிக்கிழமைகள் ஒருவன் மற்றவனூரில் ஆடுவது அப்பேச்சுகளிற் பலவற்றைத் தேவையற்றதாக்கும்.

காலக்கணிப்பிலே கவனம் வேண்டும். மாரிமழை ஓய்ந்து தை பிறந்த பின்னரே மைதானங்கள் காயும். நோன்பு மாதத்திலே ஆட்டம் வைத்தலாகாது. அம்மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முன்னே நகர்வதால் ஒவ்வோராண்டும் புதிதாகக் கணிக்கவேண்டும். கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றக் காலமும் திருக்கோவிற் சித்திரவேலாயுதர் ஆலயத்து ஆடி அமாவாசைத் தீர்த்தக் காலமும் ஊரே திரளும் நாட்கள், அவற்றையும் விலக்கவேண்டும். பரீட்சைக்கு முந்திய மாதமும் வேண்டாம். இவற்றையெல்லாம் கழித்த பின்னரும் பதினான்கு சனிக்கிழமைகளுக்கு இடமிருக்கும். எட்டுக் கழகங்களின் செயலாளரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, தமிழ்ப் பஞ்சாங்கத்தையும் ஹிஜ்ரி நாட்காட்டியையும் பாடசாலைத் தவணை அட்டவணையையும் ஒருங்கே விரித்துவைத்தால் ஒரு மாலையில் முடியும் வேலை.

பெண்பிள்ளைகளை இதிற் சேர்ப்பது பற்றிச் சிலர் முகஞ்சுளிப்பர். ஊர்வழக்கை மதித்து, பாடசாலை மைதானத்தில், ஆசிரியைகளின் மேற்பார்வையிலே தொடங்கலாம், தொடங்காதிருப்பதற்குக் காரணமில்லை.

மத்தியஸ்தரை நாமே உண்டாக்கவேண்டும். பதினாறு வயதில் அணியில் இடங்கிடைக்காத மாணவன் ஒருவனைச் சிறுவர் ஆட்டத்துக்கு ஊதுகுழலோடு நிறுத்துங்கள். ஆட்டத்தின் விதியை அவனைப்போல் நன்கு கற்பவர் எவருமில்லை. கழகத்துக்கு இருவரேனும் ஆசிய உதைபந்தாட்டக் கூட்டிணைப்பின் தொடக்கநிலைப் பயிற்றுநர் சான்றிதழைப் பெறட்டும். வழிச்செலவைக் கழகம் ஏற்கட்டும். வெளியூர் ஆட்டக்காரருக்கு ஒருநாளைக்குக் கொடுப்பதைவிட அது மிகுதியாகாது.

இவையெல்லாம் பத்தாண்டு வேலை. இன்று எட்டு வயதில் 3ஆம் இலக்கப் பந்தை உதைப்பவன் முதலணிக்கு வரப் பத்தாண்டு ஆகும். கழகத்தின் நிருவாகமோ ஆண்டுதோறும் மாறுகின்றது. புதிய தலைவருக்குத் தம் ஆண்டிலேயே கிண்ணம் வேண்டும். தம் பெயர் பொறித்த பதாகை வேண்டும். தென்னையை நட்டவன் மறுமாதமே இளநீர் கேட்பதில்லை. உதைபந்தாட்டத்தில் மட்டும் கேட்கின்றோம். ஆதலாற் சிறுவர் பகுதியை ஆண்டு நிருவாகத்தினின்று பிரித்து, ஐந்தாண்டுக்கு மாறாத ஒரு சிறு குழுவிடம் ஒப்படைத்தல் தக்கது. அதிற் பழைய ஆட்டக்காரர் இருவர், ஆசிரியர் ஒருவர், பெற்றோர் இருவர் இருப்பாராயிற் போதும். அதற்கெனத் தனிக் கணக்கும் வேண்டும். பெரியோர் அணி கிண்ணத்துக்காகக் கடன்பட்டால் அக்கணக்கில் எவரும் கைவைக்கலாகாது.

பெரும்பாலான கழகங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டம் விரைவில் வரும். பொருளாளர் வரவுசெலவு அறிக்கையை வாசிப்பார். கிண்ணம், பதாகை, ஒலிபெருக்கி, உபசாரம் என்று வரிகள் ஓடும். வாசித்து முடிந்ததும், வாசகருள் அக்கழகத்தில் அங்கத்தினராயுள்ளோர் எவரேனும் எழுந்து, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்காக இவ்வாண்டு வாங்கிய பந்துகள் எத்தனை என்று கேட்கட்டும். விடையைக் கூட்ட அறிக்கையில் எழுதிவைக்கும்படியும் கேட்கட்டும்.